முழிப்போ, அக்கா?

நித்திரை கொள்வதற்கென்றே வெள்ளவத்தைக்கு வந்த மனிதர் ஒருவரை எனக்குத் தெரியும். கலியாணச் சேலை எடுக்க இங்கே வருவார்கள், விசாவுக்கு வருவார்கள், பல்லுக் கட்ட வருவார்கள், வீடு விற்க வருவார்கள். ஒரு பக்கம் காலி வீதி. மற்றப் பக்கம் கடலோர ரயில். நடுவில் எந்த நேரமும் யாராவது மாபிள் வெட்டிக்கொண்டிருக்கும் புது மாடிக் கட்டடம். இதற்குள் நித்திரை தேடி வந்தவர் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

"டொக்டர் சொன்னவர், அக்கா. ஆறு மாசம் லீவில போய் நல்லா நித்திரை கொள்ளட்டாம்."

"அதுக்கு இஞ்சயோ வந்தனீங்கள்?"

"வேற எங்க போறது," என்றார்.

எங்கள் மேல்வீடு அவருடைய தமக்கையின் பெயரில் இருந்தது. தமக்கை கனடாவில். வீட்டுத் திறப்பு என்னிடம். மாதத்துக்கு ஒருதரம் கதவைத் திறந்து தூசு தட்டுவது நான்தான். அதனால் அவர் ஒஸ்ரேலியாவிலிருந்து வந்து இறங்கிய அன்று முதலில் நின்றது என் குசினி வாசலில். நாற்பது வயது இருக்கும். மெலிந்த உடம்பு, வெயிலில் காய்ந்த முகம். கண்ணிமை மயிர் மட்டும் யாரோ கத்தரித்துவிட்டதுபோலக் கட்டையாக இருந்தது.

அவரால்தான் என் மனுசனின் வேலை போனது. அவரால்தான் என் மனுசன் இன்றைக்கு உயிரோடு இருக்கிறார் என்று சொல்கிறவர்களும் எங்கள் ஒழுங்கையில் இருக்கிறார்கள். எது சரி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஒன்றில் ஒருவரைக் கும்பிட வேண்டும், இல்லாவிட்டால் ஏச வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நிற்கச் சொன்னால் மனுசருக்குத் தலை சுற்றத்தானே செய்யும்.

அந்த நாளில் என் மனுசன் யாழ்ப்பாணம் போகிற இரவு பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தார். பின்னேரம் காலி வீதியில் ஆட்களை ஏற்றினால் விடிய யாழ்ப்பாணம். அடுத்த இரவு அங்கிருந்து ஏற்றி, விடியக் கொழும்பு. படுப்பது பகலில்தான். நான் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறவள். விடியற்புறம் ஒரு அவியல், பின்னேரத்துக்கு ஒரு அவியல். எங்கள் வீட்டில் பகலைத்தான் இரவாக வைத்திருந்தோம். மீன்காரர் கூவினால் கையைக் காட்டி வாயை மூடச் சொல்வேன். பாண் விற்கிற சூன் பாண்காரர் த்ரீவீலரில் பாட்டைப் போட்டுக்கொண்டு வந்தால் வாசலுக்கு ஓடிப்போய் நிறுத்துவேன். இப்படி ஒரு பகல் நித்திரைக்குக் காவல் இருந்து பழகினவளின் தலைக்கு மேலே, இன்னொரு பகல் நித்திரைக்காரர் வந்து சேர்ந்தார்.

வந்து இரண்டு மூன்று நாளிருக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு படியில் நின்று குரல் கொடுத்தார்.

"அக்கா, முழிப்போ?"

"முழிப்புத்தான். இந்த நேரத்தில எனக்கென்ன நித்திரை?"

"அப்ப நான் படுக்கப் போறன். நீங்கள் பாருங்கோ."

"என்னத்தைப் பாக்கிறது?"

"ஒண்டுமில்லை, சும்மா. 'பாக்கிறன்' எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ."

இதென்ன கூத்து என்று நினைத்துக்கொண்டே, "பாக்கிறன், போய்ப் படுங்கோ," என்றேன். மேலே கட்டில் கிறீச்சிட்டது. அதற்குப் பிறகு சத்தமே இல்லை. குழந்தைப்பிள்ளைபோல நித்திரை.

நான் சொல்லாவிட்டால் அவர் படுக்கவே மாட்டார் என்பது பிறகுதான் தெரிய வந்தது. ஒருநாள் அவர் படுத்த பிறகு நான் மார்க்கட்டுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தால் பல்கனியில் நிற்கிறார், கண் சிவந்துபோய்.

"வெளியில போட்டியள் போல."

"தேங்காய் முடிஞ்சுது தம்பி. அதுக்குமோ உங்களைக் கேக்கோணும்?"

"கேக்க வேண்டாம் அக்கா. போகேக்க ஒரு குரல் குடுங்கோ, காணும். நான் எழும்பிடுவன்."

வேலியால் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்ட கதையாகிவிட்டது. அன்றிலிருந்து கையில் உமல் பையும் காலில் செருப்புமாகக் கேற்றடியில் நின்று, மேலே படுத்திருக்கிற அந்த மனிதரை நினைத்து, போகாமல் திரும்பிய நாட்கள் உண்டு. எதற்குக் காவல்? கள்ளன் வருவானென்றா, கடல் வருமென்றா? எனக்கே தெரியாது. ஆனால் பார்க்கிறேன் என்று வாயால் சொன்ன பிறகு பார்க்காமல் இருக்க முடியவில்லை.

ஒருநாள் சொதி கொண்டுபோய்க் கொடுக்கலாமென்று மேலே ஏறினேன். கதவு திறந்து கிடந்தது. வெள்ளை விரிப்புப் போட்ட கட்டிலில் சப்பாத்தோடு படுத்திருந்தார். லேஸ் இறுக்கிக் கட்டியபடி. எனக்கு வந்ததே ஆத்திரம்.

"நான் துடைச்சுத் துடைச்சு வைச்ச கட்டில் இது. வீட்டுக்குள்ளயே சப்பாத்துப் போடமாட்டம், நீங்கள் கட்டிலில போட்டிருக்கிறியள்."

அவர் எழும்பி இருந்து வெட்கப்பட்டார். "இது படுக்கிற சப்பாத்து, அக்கா. வெளியில போட்டதே இல்லை."

உண்மைதான். அடிப்பக்கம் கடையில் வாங்கியபடியே இருந்தது. காட்டில் நெருப்போடு நிற்கிற நாட்களில் சப்பாத்தைக் கழற்றவே மாட்டார்களாம். கழற்றினால் கால் வீங்கி, திரும்ப ஏறாதாம். "இஞ்ச வந்தும் ஏன்?" என்று கேட்டேன். "கழட்டினா, இனி நெருப்பு வராது எண்டு நம்பின மாதிரி," என்றார். படுப்பதற்கென்று தனியாகச் சப்பாத்து வாங்குகிறவரை என்ன செய்வது? சொதியை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அவருடைய வேலை என்னவென்று ஒழுங்கையில் ஒருவருக்கும் சரியாகப் பிடிபடவில்லை. கணக்குப் படிக்கப் போனவர், படிப்பை விட்டு, அங்கே காட்டுத்தீ அணைக்கிற கூட்டத்தில் சேர்ந்துவிட்டாராம். என் மனுசன் ஒரு காலையில் தேத்தண்ணியோடு இருந்து விசாரித்தார்.

"ஃபயர் பிரிகேட்டோ தம்பி?"

"அது டவுனில, அண்ணை. நாங்கள் காட்டுக்குள்ள."

"காட்டுக்குள்ள தண்ணி லொறி போகுமோ?"

"கனக்கத் தண்ணி இல்லாமத்தான். நெருப்பு வாற பக்கமாப் பத்தையளை வெட்டி, சருகைச் சுரண்டி, வெறும் மண்ணில ஒரு கோடு போடுவம். அந்தக் கோட்டில வந்து நெருப்பு நிண்டுடும்."

"நிக்காட்டி?"

"ஓடோணும்."

என் மனுசன் என்னைப் பார்த்தார். தண்ணியில்லாமல் நெருப்பு அணைக்கிறவர் என்று பிறகு இரண்டு நாளாகச் சொல்லிச் சொல்லி நக்கலடித்தார். ஆனாலும் அவருடைய கதையைக் கேட்க மனுசனுக்கு விருப்பம். நாள் கணக்கில் நித்திரையில்லாமல் நிற்கிற தொழில் என்றால் பஸ்காரருக்கு விளங்காதா? எங்கே படுப்பீர்கள் என்று கேட்டார். பள்ளிக்கூட மண்டபத்தில், பகலில், ஜன்னலெல்லாம் கறுப்புப் பொலித்தீன் ஒட்டிக்கொண்டு படுப்பார்களாம். அங்கே போக நேரமில்லாவிட்டால், எரிந்து முடிந்த நிலத்திலேயே படுப்பார்களாம். ஒருவர் மட்டும் நிற்பார். நிற்கிறவர் "நான் பாக்கிறன்" என்று வாய்விட்டுச் சொன்னால்தான் மற்றவர்கள் கண்ணை மூடலாம். அதுதான் அவர்களுடைய சட்டமாம்.

"எரிஞ்ச நிலம்தான் பத்திரம், அண்ணை. ஒருக்கா எரிஞ்ச இடம் திரும்ப எரியாது."

"அது உங்கட காட்டில," என்றார் என் மனுசன். "எங்கட அப்பப்பான்ர கடை இதே காலி வீதியில ரெண்டு கலவரத்தில ரெண்டு தரம் எரிஞ்சது தம்பி."

 அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு மேலே போனார்.

ரயிலோடு அவர் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். பெரிய நெருப்பு வரும்போது ரயில் வருகிற மாதிரித்தான் சத்தம் கேட்குமாம். வந்த புதிதில் ஒவ்வொரு ரயிலுக்கும் படியால் இறங்கி ஓடி வந்து, முற்றத்தில் நின்று கடல் பக்கத்தைப் பார்ப்பார். பிறகு ரயில் நேரத்தைப் பாடமாக்கினார். நேரத்துக்கு வந்தால் ரயில், நேரந் தப்பி வந்தால் நெருப்பு, எழும்ப வேண்டும். எங்கள் நாட்டு ரயில் என்றைக்கு நேரத்துக்கு வந்தது? பாவம், எழும்பிக்கொண்டேதான் இருந்தார்.

தன் நித்திரையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மற்றவர்களின் நித்திரையிலும் தலையிடுவார். முகத்தைப் பார்த்ததும் "காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?" என்று கேட்பார். நல்ல மரியாதைக்காரப் பிள்ளை என்று நான் நினைத்திருந்தேன். பிறகு பார்த்தால் அது சோதனையாம். களைத்த ஆளுக்குக் காலையில் சாப்பிட்டது உடனே நினைவு வராதாம். நெருப்படியில் அப்படித்தான் ஒருவரையொருவர் சோதிப்பார்களாம். ஆனால் அது வெள்ளைக்காரருக்குத்தான் சரிவரும். எங்கள் ஆட்களிடம் சாப்பிட்டீர்களா என்றால், பட்டினி கிடந்தாலும் "ஓம், ஓம், சாப்பிட்டன்" என்றுதானே வரும். நானும் ஒவ்வொரு நாளும் அப்படித்தான் சொல்லிவந்தேன். அவரும் என் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

ஒழுங்கை முனையில் த்ரீவீலர் விடுகிற சிங்கள மனிதர் ஒருவர் இருந்தார், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். ஒருநாள் பார்க்கிறேன், அவர் பின்சீற்றில் சுருண்டு கிடக்கிறார். முன்சீற்றில் எங்கள் மேல்வீட்டுக்காரர் கைகட்டி இருக்கிறார். பம்பலப்பிட்டிக்குப் போக வந்த ஒரு பெண்ணிடம், "எயா நிதி," என்று சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார், அவர் நித்திரை என்று. அந்தப் பெண் ஏசிக்கொண்டு போனாள். ஓட்டக்காசு போனதற்குக் கோபிப்பார் என்றுதான் நான் நினைத்தேன். அடுத்த நாள் அந்தச் சாரதி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, "நோனா, உட மஹத்தயாட்ட," என்று என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார், மேல்வீட்டு ஐயாவுக்கு என்று. இதையெல்லாம் எந்தக் கணக்கில் சேர்ப்பது?

இனி, சிரிப்பைப் பற்றி அவர் சொன்னது. நான் மாக் குழைத்துக்கொண்டிருந்தேன், அவர் குசினி வாசலில் இருந்தார்.

"முதல் நாள் எல்லாரும் பயத்தில இருப்பினம் அக்கா, அது நல்லம். ரெண்டாம் நாள் ஆளுக்காள் கொளுவுப்படுவினம், அதுவும் பரவாயில்லை. மூண்டாம் நாள் ஒருத்தன் சும்மா சிரிக்கத் தொடங்குவான். சிரிச்சானெண்டா அவனை உடன கீழ இறக்கோணும். அவனுக்கு இனிப் பயமில்லை. நெருப்புக்குள்ள நடந்து போவான்."

"சிரிக்கிறவனை இறக்கினா அவன் சும்மா வருவானோ?"

"வரமாட்டான். இழுத்துக்கொண்டுதான் வாறது."

அப்போதுதான் அந்தக் கதையைச் சொன்னார். ஒரு மலையில் இவர்தான் கூட்டத்துக்குத் தலைவர். கீழே பள்ளத்தில் ஒரு பண்ணை வீடு. இவருடைய ஆட்களில் ஒருவன் பக்கத்தில் மரக்கொப்பு முறிந்து விழுந்ததைப் பார்த்துச் சிரித்திருக்கிறான். அவன் சிரிக்க இன்னொருவனும் சிரித்திருக்கிறான். இவர் எல்லோரையும் இறக்கிக்கொண்டு வந்துவிட்டார். அந்த வீடு எரிந்துபோயிற்று. உள்ளே ஆட்கள் இல்லை. நின்றிருந்தால் வீட்டைக் காப்பாற்றியிருக்கலாம் என்று சிலர் சொன்னார்களாம். நின்றிருந்தால் எல்லோரும் கருகியிருப்பீர்கள் என்று சிலர் சொன்னார்களாம்.

"அந்த வீட்டுக்காரக் கிழவி என்னைத் தேடி வந்தவ, அக்கா. ஏசப் போறா எண்டு நினைச்சன். கையைப் பிடிச்சு 'தாங்க்ஸ்' எண்டு சொல்லிட்டுப் போட்டா. எதுக்குச் சொன்னவ எண்டு எனக்கு விளங்கேல்லை. அதுக்குப் பிறகுதான் நித்திரை போனது."

"ஏசியிருந்தா வந்திருக்குமோ?"

"வந்திருக்கும் எண்டுதான் நினைக்கிறன்."

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஒரு இடியப்பத் தட்டை எடுத்து வைத்து, சம்பலோடு சாப்பிடச் சொன்னேன்.

அந்த நாட்களில் பஸ் முதலாளி, மாறி மாறி ஓட்டுகிற இரண்டாவது சாரதியை நிறுத்திவிட்டார். போகவும் வரவும் என் மனுசன் தனி ஆள். வீட்டில் கதை குறைந்தது. கேட்டால் "ம்", கேட்காவிட்டால் அதுவும் இல்லை. ஒரு பின்னேரம் வேலைக்கு வெளிக்கிட்டு வந்து நின்றார், சேட்டுப் பொத்தான் ஒன்றுவிட்டு ஒன்று மாறிப் பூட்டியிருந்தது. "என்னப்பா இது, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி," என்றேன். குனிந்து பார்த்தார். சிரிக்கத் தொடங்கினார். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணால் தண்ணீர் வரச் சிரித்தார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு என் மனுசன் சிரிக்கிறார். நானும் சேர்ந்து சிரித்தேன். எனக்கு அப்படியொரு சந்தோசம்.

நிமிர்ந்தால் படியில் மேல்வீட்டுக்காரர். அவர் சிரிக்கவில்லை.

"அண்ணை, காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?"

"சாப்பாடுதான்," என்று சொல்லி அதற்கும் சிரித்தபடி மனுசன் இறங்கிப் போய்விட்டார். கட்டி வைத்த சாப்பாட்டுப் பார்சல் மேசையிலேயே கிடந்தது. நான் அதைத் தூக்கிக்கொண்டு காலி வீதிக்கு ஓடினேன். எனக்கு முன்னால் மேல்வீட்டுக்காரர் ஓடிக்கொண்டிருந்தார். அவருடைய காலில் அந்தப் படுக்கிற சப்பாத்து.

நான் போய்ச் சேரும்போது பஸ் என்ஜின் நின்றிருந்தது. மேல்வீட்டுக்காரர் பஸ் திறப்பைக் கழற்றித் தன் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டு மிதிபலகையில் இருந்தார். உள்ளே ஆட்கள் கத்தத் தொடங்கிவிட்டார்கள். பெட்டியோடு வெளியே நின்றவர்களால் ஏறவும் முடியவில்லை.

"உனக்கு என்ன விசரோ? நாளைக்கு எங்கட வீட்டில கலியாணம்," என்றார் ஒருவர்.

"அண்ணைக்கு ஏலாது. அவர் ஓட்டக்கூடாது."

"ஆர் நீ அதைச் சொல்ல?"

 போக்குவரத்துப் பொலிஸ்காரர் வந்து, "யத்துர தென்ன," என்று கையை நீட்டினார், திறப்பைத் தா என்று. வேறு சாரதி வந்தால் தருகிறேன் என்று அவர் சிங்களத்தில் தன்மையாகச் சொன்னார். எனக்கு வெட்கத்தில் தலை குனிந்துவிட்டது. ஓடிப்போய் அவருடைய கையைப் பிடித்தேன். "தம்பி, எங்கட சோத்தில மண் போடாதேங்கோ. திறப்பைக் குடுங்கோ."

"அங்க பாருங்கோ அக்கா," என்றார்.

திரும்பிப் பார்த்தேன். இவ்வளவு அமளிக்குள்ளும் என் மனுசன் மின்கம்பத்தில் சாய்ந்து நின்றார். திறப்பைப் பறிக்க அவர் ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. கண் மூடியிருந்தது. வாய் மட்டும் கொஞ்சம் சிரித்தபடி இருந்தது.

முதலாளி கொட்டாஞ்சேனையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வேறொரு சாரதியை அனுப்பினார். என் மனுசன் இனி வரத் தேவையில்லை என்று போனில் சொன்னார். பஸ் பிந்திப் புறப்பட்டு, விடிய யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தது. வழியில் ஒரு நாய்கூட அடிபடவில்லை.

என் மனுசன் வீட்டுக்கு வந்து சேட்டைக் கழற்றாமல் விழுந்தவர், மற்ற நாள் பொழுதுபடுகிற நேரத்தில்தான் எழும்பினார். அதைச் சொல்லித்தான் ஒழுங்கையில் சிலர், அந்தத் தம்பி தெய்வம் மாதிரி வந்து காப்பாற்றினார் என்கிறார்கள். வேலை போனால் யாரும்தான் எழும்பாமல் கிடப்பார்கள். என் மனுசன் அன்றைக்கு ஓட்டியிருந்தாலும் ஒன்றும் நடந்திராது. இத்தனை வருசம் ஓட்டினவர்தானே. இல்லை, நடந்தும் இருக்கலாம். நடக்காத விபத்தை எந்தக் கண்ணால் பார்ப்பது? அந்த மின்கம்பத்தை நினைத்தால் ஒரு மாதிரி இருக்கும். முதலாளியின் போனை நினைத்தால் வேறு மாதிரி இருக்கும்.

அடுத்த நாள் மத்தியானம் படியில் குரல் கேட்டது.

"அக்கா, முழிப்போ?"

நான் வாய் திறக்கவில்லை. அவர் பிறகு மேலே போனார். கட்டில் சத்தம் கேட்கவில்லை. நடக்கிற சத்தம்தான் கேட்டது. அந்தக் கிழமை முழுக்க ஒவ்வொரு மத்தியானமும் கேட்டார், நான் ஒவ்வொரு மத்தியானமும் பேசாமல் இருந்தேன். தலைக்கு மேலே அந்த நடை இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாகப் போய்வந்தது. லீவு முடியாமலே ஒருநாள் பெட்டியோடு இறங்கி வந்தார். கண் இரண்டும் குழி விழுந்திருந்தது.

"போட்டு வாறன் அக்கா."

"ம்," என்றேன். திறப்பை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

கொட்டாஞ்சேனையில் இருக்கிற என் மைத்துனர் ஒரு பள்ளிக்கூட வான் பிடித்துக் கொடுத்தார். என் மனுசன் இப்போது அதைத்தான் ஓட்டுகிறார். மட்டக்குளியில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறார், இரவில் வீட்டில் படுக்கிறார். கன்னத்தில் சதை போட்டிருக்கிறது. பழையபடி நக்கல் கதைக்கிறார், ஏற்ற இடத்தில் மட்டும் சிரிக்கிறார். ஆனால் வான் சம்பளம் பஸ் சம்பளம் ஆகுமா? ஹெவ்லொக் டவுன் பக்கம் இன்னும் ஒரு கடைக்கு இடியப்பம் கொடுக்க ஒத்துக்கொண்டேன். தலையிடி போய்த் திருகுவலி வந்த கதை. இடியப்ப உரலைப் பிழிந்து பிழிந்து மணிக்கட்டு இரண்டும் வீங்கிப்போனது. நின்றால் கண் சொருகும், படுத்தால் கண் மூடாது. அடுப்பு எரிகிறதா, அணைத்தேனா என்று எழும்பி எழும்பிப் போய்ப் பார்ப்பேன்.

அப்படி ஒரு மத்தியானம் போன் அடித்தது. வெளிநாட்டு நம்பர்.

"அக்கா, முழிப்போ?"

எத்தனையோ மாதம் கழித்து, நேற்றுப் படியில் நின்று கேட்டவர்போலக் கேட்கிறார். வெயில் காலம் தொடங்குகிறதாம், நாளைக்கு மலைக்குப் போக வேண்டுமாம். போகமுன்னம் ஒருக்கா நித்திரை கொண்டால் நல்லதாம்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது, எல்லாவற்றையும் கொட்டினேன். "அவற்ற களைப்பை எடுத்து என்ர தலையில வைச்சிட்டுப் போட்டியள் தம்பி. அவர் நல்லாப் படுக்கிறார். நான்தான் படுக்கிறேல்லை. என்னை ஆர் இறக்கிறது? என்ர திறப்பை ஆர் கழட்டுறது? இந்த வீட்டில நான் படுத்தா ஆர் பாக்கிறது?"

 போனை வைக்கப் போனேன்.

"அப்ப படுங்கோ அக்கா," என்றார். "நான் பாக்கிறன்."

"அங்கயிருந்து என்னத்தைப் பாப்பியள்?"

"நீங்கள் கீழயிருந்து என்னத்தைப் பாத்தனீங்கள்? அதைத்தான்."

சிரிப்பதா, அழுவதா? இரண்டும் வந்தது. ஹெவ்லொக் டவுன் கடைக்கு மா வறுத்து வைத்திருந்தேன், தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பை அணைத்தேன். போனை மா வாளியின் மூடியில் வைத்தேன், பாயை உதறிக் குசினியிலேயே போட்டேன். ஐந்து நிமிசம் சாய்ந்துவிட்டு எழும்பலாம் என்றுதான் நினைத்தேன். அடுப்பை எழும்பிப் பார்க்க வேண்டும் என்று வழக்கமாக வருகிற அந்த எண்ணம் அன்றைக்கு வரவில்லை. ஒருவர் பார்க்கிறாரே.

கண் திறந்தபோது குசினி இருட்டியிருந்தது. மா அப்படியே கிடந்தது. கடைக்காரர் வந்து தட்டிவிட்டுப் போயிருக்க வேண்டும், வெறும் கூடை வாசலில் கிடந்தது. என் மனுசன் வந்து கதவடியில் ஒரு கதிரையைப் போட்டு இருந்தார். ஏன் எழுப்பவில்லை என்று கேட்கப் போனேன். அவர் மா வாளியின் மேலே கிடந்த போனைக் காட்டினார்.

"தம்பி எழுப்ப வேண்டாம் எண்டவர்," என்றார்.

போன் சார்ஜரில் செருகியிருந்தது. எடுத்தால் கையில் சுட்டது. போன் கோல் இன்னும் வெட்டுப்படவில்லை.

"முழிச்சிட்டியளோ அக்கா?"

"ஓம்."

"காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?"

"ஒண்டும் சாப்பிடேல்லை," என்றேன். "வெறும் தேத்தண்ணிதான்."

"சரி, நல்லா முழிச்சிட்டியள்," என்றார். குரல் கரகரத்துப்போயிருந்தது. அங்கே நடுச்சாமம் தாண்டியிருக்கும். விடிந்தால் அவருக்கு மலை. "இனி நான் படுக்கட்டோ?"

அடுப்பைப் பார்த்தேன், அணைந்திருந்தது. மனுசனைப் பார்த்தேன், கதிரையில் இருந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"படுங்கோ தம்பி," என்றேன். "சப்பாத்தைக் கழட்டிட்டுப் படுங்கோ. நான் பாக்கிறன்."